கிணத்து நீச்சலும் கடல் மூச்சும்: கைக்கடக்கமான தேனிலவுக்கு ஒரு ஸ்கூபா பாடம்

பரளச்சி, திருச்சுழி பக்கம் ஒருத்தருக்கு நீச்சல் தெரியும் என்றால் அது பெரும்பாலும் கிணற்றில் கற்ற நீச்சல்தான். கண்மாய் நிறைவது ஐப்பசி, கார்த்திகை மழையைப் பொறுத்தது. எல்லா வருஷமும் நிறையாது. குண்டாற்றில் தண்ணி ஓடினால் அது ஒரு வாரத்துக்கு ஊர்ப் பேச்சு. ஆக, முதுகில் சுரைக்குடுக்கையோ பிளாஸ்டிக் கேனோ கட்டி யாராவது கிணற்றுக்குள் தள்ளிவிடுவார்கள். ரெண்டு நாள் தண்ணி குடிச்சிட்டு மூணாவது நாள் நீந்திருவோம். அடுத்த கட்டம் முங்கு நீச்சல். அடிமண்ணை அள்ளிக்கொண்டு மேலே வந்து காட்டணும். அதில் ஜெயிப்பவன், அதிக நேரம் மூச்சை அடக்குபவன். "மூச்ச விட்றாதடா" என்பதுதான் மேலே நிற்பவர்கள் கொடுக்கும் ஒரே கோச்சிங்.

ஸ்கூபா சிலிண்டரை மாட்டிக்கொண்டு கடலில் இறங்கும்போது இதே கோச்சிங் ஆளைக் கொன்றுவிடும். ஏன் என்பதற்குப் பள்ளியில் படித்து, பரீட்சை எழுதி, அன்றைக்கே மறந்துபோன இரண்டு விதிகள் போதும்: பாயில் விதி, ஹென்றி விதி.

இப்போது ஏன் இந்தப் பேச்சு என்றால், பரளச்சியில் என் பெரியப்பா மகனுக்குத் தை மாசம் கல்யாணம். அண்ணனும் சரி, வரப்போகிற மதினியும் சரி, பேக்கை மாட்டிக்கொண்டு கிளம்புகிற ஆட்கள். டூர் பேக்கேஜ் வேண்டாம், ரிசார்ட் வேண்டாம், முதுகுப்பையோடு அந்தமான் போய் ஸ்கூபா பண்ணிட்டு வர்றோம் என்று முடிவு. பிளானை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இன்ஜினியர் சார், சரி பாரு" என்றான். அருப்புக்கோட்டையில் சிலம்பு எக்ஸ்பிரஸ் ஏறி சென்னை, அங்கிருந்து பிளைட்டில் போர்ட் பிளேர், படகில் ஹேவ்லாக். கடைசி இரண்டு நாளும் ஸ்கூபா. கடைசி டைவ் மதியம் 2 மணிக்கு முடியும், சாயங்காலப் படகில் போர்ட் பிளேர், மறுநாள் காலை 6.30க்கு மலிவான பிளைட். பணக் கணக்கில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மணிக் கணக்குதான் தப்பு. அது ஏன் என்பதற்கு முன்னால் கிணற்றுக்குப் போயிட்டு வருவோம்.

கிணற்றில் ஒரு சொம்பு

கடல் மட்டத்தில் நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் சுமார் 1 பார். தண்ணீருக்குள் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் இன்னொரு பார் கூடும். நம்ம ஊர் 60 அடிக் கிணறு வாய் வரைக்கும் நிறைந்திருந்தால் (நிறையாது, சும்மா வைத்துக்கொள்வோம்) அடியில் 2.8 பார் இருக்கும். ஒரு சொம்பைக் கவிழ்த்துப் பிடித்தபடி 10 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோனால், உள்ளே இருக்கும் காற்று பாதியாகச் சுருங்கி, சொம்பில் பாதிக்குத் தண்ணி ஏறியிருக்கும். அழுத்தம் × கன அளவு = மாறிலி. பாயில் 1662இல் சொன்னது இவ்வளவுதான்.

சொம்புக்குப் பதில் நுரையீரலைப் போடுங்கள். 6 லிட்டர் காற்றை இழுத்து அடக்கிக்கொண்டு கிணற்றில் முங்குகிறீர்கள். 10 மீட்டரில் அது 3 லிட்டர். 20 மீட்டரில் 2 லிட்டர். 30 மீட்டரில் ஒன்றரை லிட்டர். மேலே திரும்பும்போது மறுபடி விரிந்து அதே 6 லிட்டர். கொண்டுபோனதற்கு மேல் ஒரு சொட்டுக் காற்றுகூட உள்ளே சேரவில்லை. அதனால் கிணற்றுக்காரன் மூச்சை அடக்கிக்கொண்டே மேலே வரலாம், நுரையீரலுக்கு ஒன்றும் ஆகாது.

ஸ்கூபாவில் கதையே வேறு. அங்கே 10 மீட்டர் ஆழத்தில் இருந்துகொண்டு நுரையீரல் முழுக்க 6 லிட்டர் இழுக்கிறீர்கள். அது 2 பார் அழுத்தத்தில் இருக்கும் 6 லிட்டர். அதை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் 12 லிட்டராக விரியப் பார்க்கும். இடம் ஏது? நுரையீரலின் சன்னமான சுவர் கிழிந்து, காற்றுக் குமிழி ரத்தக் குழாயில் நுழையும். அது மூளைக்குப் போனால் பக்கவாதம் மாதிரி சில நிமிஷத்தில் ஆள் விழுந்துவிடுவார். இதற்குப் பெரிய ஆழம் தேவையில்லை. நுரையீரல் நிறைய அடக்கிய மூச்சோடு 1.2 மீட்டர் மேலே வந்தாலே போதும் என்று டைவிங் பாடங்களில் எச்சரிக்கிறார்கள். இடுப்பு மட்டத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான்!

மேலே கொடுத்த எண்களை இன்னொரு தடவை பாருங்கள். 30 மீட்டரிலிருந்து 20க்கு வரும்போது அரை லிட்டர்தான் கூடுகிறது. கடைசி 10 மீட்டரில் மட்டும் 3 லிட்டர். "ரொம்ப ஆழம் போகலியே, சும்மா ட்ரை பண்றதுதானே" என்பவர்கள் இருப்பது காற்று வேகமாக விரியும் அந்தக் கடைசி 10 மீட்டரில்தான்.

பதற்றம் வந்தால் உடம்பு பழைய பழக்கத்துக்குத்தான் போகும். மாஸ்க்குக்குள் தண்ணி புகுந்தது என்று வையுங்கள். நீச்சலே தெரியாத ஆள் இன்ஸ்ட்ரக்டரின் கையைப் பிடித்துக்கொள்வார். கிணற்று வீரன் என்ன செய்வான்? வாயை இறுக்கி மூடுவான், மூச்சை அடக்குவான், காலை உதைத்து மேலே பாய்வான். கிணற்றில் அவனைக் காப்பாற்றிய மூன்று காரியங்கள். நம்ம பக்கத்து ஆட்கள் டைவிங் போகும் முன் வீட்டிலேயே பழக வேண்டியது இது: வாயில் எதுவும் இல்லாவிட்டால், மேலே வரும்போது சின்னதாக 'ஆ...' என்று காற்றை விட்டுக்கொண்டே வர வேண்டும். வாயில் ரெகுலேட்டர் இருந்தால் நிற்காமல் மூச்சை இழுத்து விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். உலகத்தில் எந்த ஸ்கூபா வகுப்புக்குப் போனாலும் முதல் விதி ஒன்றே: மூச்சை அடக்காதே.

நீச்சல் தெரிந்ததால் நன்மையே இல்லையா? நிறைய இருக்கு. தண்ணி பயம் கிடையாது, மூக்கில் தண்ணி ஏறினால் அலற மாட்டோம். நாலு நாள் கோர்ஸ் படிப்பதானால் 200 மீட்டர் நீந்திக் காட்டணும், 10 நிமிஷம் மிதந்து காட்டணும். கிணற்றுப் பிள்ளைகளுக்கு அது ஒரு விஷயமே இல்லை.

மூங்கில் குழாய் ஏன் வேலைக்கு ஆகாது

பழைய சினிமாவில் ஹீரோ குளத்துக்குள் ஒளிந்து, நீளமான தண்டை வாயில் வைத்து மேலே இருந்து காற்று இழுப்பார். மெக்கானிக்கல் மாணவர்கள் ஒரு நிமிஷம் கணக்குப் போடட்டும். 1 மீட்டர் ஆழத்தில் கூடுதல் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 9,800 நியூட்டன். நெஞ்சுப் பரப்பு 30க்கு 30 சென்டிமீட்டர் என்றால் 0.09 சதுர மீட்டர். பெருக்கினால் கிட்டத்தட்ட 880 நியூட்டன். ஏறக்குறைய 90 கிலோ பாரம். ஒரு நெல் மூட்டைக்கு மேல் நெஞ்சில் ஏற்றிவைத்து மூச்சு இழுக்கச் சொல்வது மாதிரி. ஹீரோவால் முடியலாம், நம்மால் முடியாது.

ஆழத்தில் மூச்சுவிட வேண்டுமானால், உள்ளே வரும் காற்று வெளியே இருக்கும் தண்ணியின் அழுத்தத்துக்குச் சமமாக வர வேண்டும். அந்த வேலையைச் செய்வதுதான் ரெகுலேட்டர். சிலிண்டரில் 200 பார். முதல் கட்ட வால்வு அதைச் சுற்றுப்புறத்தைவிடச் சுமார் 10 பார் கூடுதலாக இருக்கும் அளவுக்குக் குறைக்கும். வாயில் இருக்கும் இரண்டாம் கட்டத்தில் ஒரு ரப்பர் சவ்வும் ஒரு நெம்புகோலும். நாம் இழுத்தால் சவ்வு உள்வாங்கும், நெம்புகோல் சாயும், காற்று வரும், நிறுத்தினால் நின்றுவிடும். 1943இல் பிரான்ஸில் கடற்படை அதிகாரி ஜாக் கூஸ்தோவும் பொறியாளர் எமில் கன்யானும் சேர்ந்து இதை உருவாக்கினார்கள். போர்க்காலப் பெட்ரோல் தட்டுப்பாட்டில் கார்களை எரிவாயுவில் ஓட்டுவதற்காகக் கன்யான் செய்திருந்த வால்வுதான் இதற்கு மூலம். கார் பாகம் ஒன்று கடலுக்குள் போன கதை.

சிலிண்டர் எவ்வளவு நேரம் வரும் என்பதும் இதே பாயில் கணக்குத்தான். 11 லிட்டர் சிலிண்டர், 200 பார்: மேற்பரப்பில் 2,200 லிட்டர் காற்று. 50 பாரை எப்போதும் மிச்சம் வைத்துத்தான் மேலே வரணும். ஆக கையில் 1,650 லிட்டர். மேலே நிமிஷத்துக்கு 20 லிட்டர் இழுக்கும் ஆள் 10 மீட்டரில் 40 லிட்டர் இழுப்பார். 41 நிமிஷம் வரும். 20 மீட்டரில் 27 நிமிஷம்தான். முதல் தடவை இறங்குகிறவர்கள் பதற்றத்தில் இதைவிட வேகமாகத் தீர்ப்பார்கள். தம்பதியில் ஒருத்தருக்கு 90 பார் இருக்கும்போதே இன்னொருத்தருக்கு 50 வந்துவிட்டால் இருவரும் மேலே வர வேண்டியதுதான். அதில் சண்டை போடக்கூடாது.

மச்சான் பிடித்த கயிறு

பரளச்சிக்குக் கிட்டத்துக் கடல் மன்னார் வளைகுடா. குண்டாறும் தண்ணி மிச்சமிருந்தால் அங்கேதான் போய்ச் சேரும். அந்தக் கடலில் நூற்றாண்டுக் கணக்காக முத்துக் குளித்தவர்கள் சிலிண்டர் பார்த்தவர்கள் இல்லை. காலில் கல்லைக் கட்டிய கயிற்றோடு சரசரவென்று இறங்கி, அள்ளிப் போட்டுக்கொண்டு, கயிற்றை ஆட்டினால் படகில் இருப்பவர் மேலே இழுக்க வேண்டும். அந்தக் கயிற்றை மச்சானிடம்தான், அதாவது மனைவியின் கூடப்பிறந்தவனிடம்தான் கொடுப்பார்கள் என்று கடற்கரையில் சொல்வதுண்டு. தங்கச்சி தாலிக்காகவாவது அவன் கண்ணசர மாட்டான் என்ற கணக்கு.

ஸ்கூபாவில் மச்சான் கிடையாது. அந்த இடத்தில் 'படி' என்று ஒரு ஜோடி. தேனிலவில் அது யார் என்று கேட்க வேண்டியதில்லை. ஆனால் இருவருமே புதுசு என்றால் கணவன் மனைவிக்கோ, மனைவி கணவனுக்கோ காவல் ஆக முடியாது. ட்ரை டைவ் எனப்படும் ஒருநாள் அனுபவத்தில் 12 மீட்டருக்கு மேல் ஆழம் போகக்கூடாது, இன்ஸ்ட்ரக்டர் கை எட்டும் தூரத்தில் இருக்கணும். ஆளுக்கு ஒரு இன்ஸ்ட்ரக்டர் வருவாரா என்று பணம் கட்டும் முன் கேளுங்கள். "ரெண்டு பேரையும் ஒருத்தரே பாத்துக்குவார், ரேட் கம்மி" என்றால், அந்தக் கம்மி வேண்டாம். ஒருத்தருக்குக் காது வலித்து நின்றுவிட்டால் மற்றவர் என்ன ஆனார் என்று பார்க்க அங்கே ஆள் இல்லை.

காது என்றதும்: கிணற்றில் "காது குத்தும், பழகிரும்" என்பார்கள். கடலில் பழக்காதீர்கள். மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதி, வலி வருவதற்கு முன்பே, மீட்டருக்கு ஒரு தடவை சமன் செய்யணும். சளி பிடித்திருந்தால் அது நடக்காது. ஏசி பஸ்ஸில் ராத்திரி முழுக்க வந்து மூக்கடைத்திருந்தால் அன்றைக்கு டைவ் இல்லை.

கோலி சோடா

இப்போது அண்ணனின் மணிக் கணக்கு.

கோலி சோடாவைப் பாருங்கள். கோலி மூடியிருக்கும்வரை தண்ணி தெளிவாக இருக்கும். கட்டை விரலால் அழுத்தியதும் பொங்கும். அழுத்தத்தில் கரைந்திருந்த வாயு, அழுத்தம் விழுந்ததும் குமிழியாக வெளியே வருகிறது. திரவத்தில் கரையும் வாயுவின் அளவு அழுத்தத்தோடு சேர்ந்து கூடும் என்று வில்லியம் ஹென்றி 1803இல் சொன்னார்.

நாம் இழுக்கும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். ஆழத்தில் அது ரத்தத்திலும் திசுக்களிலும் வழக்கத்தைவிட அதிகம் கரையும். மெதுவாக மேலே வந்தால் மூச்சு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழியும். அதனால்தான் நிமிஷத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகம் கூடாது, 5 மீட்டரில் 3 நிமிஷம் நில்லு என்கிறார்கள். 1908இல் ஜான் ஸ்காட் ஹால்டேன் ஆடுகளை அழுத்த அறைக்குள் வைத்துப் பரிசோதித்து, எப்படிப் படிப்படியாக ஏறணும் என்று அட்டவணை போட்டார். இன்றைக்குக் கையில் கட்டும் டைவ் கம்ப்யூட்டருக்கும் அதுதான் பாட்டன்.

ஆனால் தண்ணியை விட்டு வெளியே வந்த பிறகும் நைட்ரஜன் மிச்சம் இருக்கும். முழுசாகக் கழிய மணிக்கணக்கில் ஆகும். அதற்குள் பிளைட் ஏறினால்? பயணிகள் பகுதியில் இருக்கும் அழுத்தம் 2,400 மீட்டர் உயரமுள்ள மலை உச்சி அளவுக்குக்கூட இறங்கலாம், அதாவது சுமார் 0.75 பார். கோலியை அழுத்திய மாதிரிதான். மூட்டு வலி, மதமதப்பு, கை கால் மரத்துப்போவது, மோசமானால் நடக்க முடியாமலே போவது. டைவர்களுக்கான மருத்துவ வழிகாட்டுதலில், ஒரே ஒரு சாதாரண டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் அல்லது பல நாள் டைவ் என்றால் குறைந்தது 18 மணி நேரம் பொறுத்துத்தான் பறக்கணும். அண்ணன் பிளானில் ரெண்டு நாள் டைவ். மதியம் 2 மணிக்கும் காலை 6.30க்கும் நடுவே பதினாறரை மணி நேரம். 24 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் யோசிக்கவே வேண்டாம்.

முதலில் நான் சொன்ன தீர்வு கப்பல். சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் பயணிகள் கப்பல் இருக்கிறது, கிட்டத்தட்ட மூன்று நாள். பங்க் கிளாஸ் டிக்கெட் பிளைட்டைவிட மலிவு, உயரப் பிரச்சினையும் இல்லை. மூன்று நாள், வரிசையாக அடுக்கிய படுக்கைகள், சுற்றிலும் ஜனம். தேனிலவு! மதினி ஒரே எமோஜியில் நிராகரித்தார். பிறகு செய்தது இன்னும் எளிது: வரிசையை மாற்றினோம். போய் இறங்கியதும் ஹேவ்லாக், முதலில் டைவ். பிறகு நீல் தீவு. கடைசி ஒரு முழு நாள் போர்ட் பிளேரில் செல்லுலார் சிறை. அதே ராத்திரிகள், அதே அறைகள், ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை.

பிளைட் மட்டும்தான் ஆபத்து என்று நினைத்தால், நம்ம தமிழ்நாட்டுத் தேனிலவுக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது: கடலும் மலையும் ஒரே டிரிப்பில். பாண்டிச்சேரியில் காலையில் டைவ், மதியம் 1 மணிக்குக் கரை, 2 மணிக்கு டாக்ஸி, ராத்திரி 11க்குக் கொடைக்கானல். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். அங்கே காற்றழுத்தம் 0.78 பார் சுமாருக்கு. பிளைட்டில் உட்கார்ந்திருப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பத்து மணி நேரத்தில் ஏறியாச்சு. டாக்ஸிக்காரருக்கும் தெரியாது, லாட்ஜிலும் தெரியாது, மறுநாள் தோள்பட்டை வலித்தால் "அலைச்சல்" என்று தைலம் தேய்த்துப் படுத்துவிடுவோம். டைவ் செய்து ஒரு நாளைக்குள் காரணமில்லாத வலியோ மரத்துப்போதலோ வந்தால், டாக்டரிடம் முதல் வாக்கியமே "நான் ஸ்கூபா டைவ் செய்தேன்" என்பதாக இருக்கணும். முதலுதவி ஆக்சிஜன், சிகிச்சை அழுத்த அறை. கிட்டத்து அழுத்த அறை எங்கே இருக்கிறது என்று டைவிங் கடையில் முன்கூட்டியே கேட்டுவைப்பது நல்லது. பதில் சொல்லத் தெரியாத கடையை நான் நம்ப மாட்டேன்.

காசை எங்கே பிடிக்கலாம்

சாப்பாட்டில், அறையில், ரயிலில், வாடகை ஸ்கூட்டரில் தாராளமாகப் பிடிக்கலாம். கருவிகளை வாங்கவே வேண்டாம், வாடகைக்குத் தருவார்கள். படகில் போகிற டைவைவிடக் கரையிலிருந்தே இறங்குகிற டைவ் பெரும்பாலும் மலிவு. முதல் தடவைக்கு அது தாராளம். வீடியோ பேக்கேஜை வெட்டுங்கள்; மாஸ்க் போட்ட முகத்தில் யார் மணமகன் என்று யாருக்கும் தெரியப்போவதில்லை.

பிடிக்கக் கூடாத இடங்கள் வேறு. சிலிண்டர் காற்றை இறங்கும் முன் ஒரு தடவை முகர்ந்து பாருங்கள். ஆயில் வாடையோ புகை வாடையோ இருந்தால் வேண்டாம். காற்று அடைக்கும் கம்ப்ரசரின் உறிஞ்சு வாய், எஞ்சின் புகைபோக்கிக்குப் பக்கத்தில் இருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே போகும். அதற்குத் தனியாக வாடை இல்லை, மற்ற புகையோடு வந்தால்தான் தெரியும். ஆழத்தில் அதன் பகுதி அழுத்தம் இரண்டு, மூன்று மடங்காகும். மீட்டரில் 200 பார் காட்டுகிறதா என்று நீங்களே பாருங்கள். இன்ஸ்ட்ரக்டரின் சான்று எண்ணைக் கேட்டு, சான்று கொடுத்த அமைப்பின் இணையதளத்தில் சரிபார்க்க இரண்டு நிமிஷம் போதும்.

அப்புறம் அந்த மருத்துவப் படிவம். வரிசையாக 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவர்கள்தான் அதிகம். ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு, காது ஆபரேஷன் இதில் எது இருந்தாலும் டாக்டரிடம் கேட்காமல் இறங்கக்கூடாது. புது மனைவி முன்னால் "சின்ன வயசுல வீசிங் இருந்துச்சு" என்று சொல்ல வெட்கப்பட்டு மறைப்பது வீண் வேலை. பெண்கள் கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலே டைவ் கிடையாது; புதுசாகக் கல்யாணமானவர்கள் இதை ரெண்டு பேருமாகப் பேசி வைத்துக்கொள்ளணும். முந்தின ராத்திரி குடித்திருந்தால் மறுநாள் இறங்க வேண்டாம்.

காலமும் ஒரு செலவுதான். கலங்கிய கடலில் இறங்கினால் கொடுத்த காசுக்குப் பச்சைத் தண்ணியைத்தான் பார்க்கலாம். தை, மாசி, பங்குனி முகூர்த்தக்காரர்களுக்கு அந்தமான் நல்ல காலம். வைகாசி பாதியில் அங்கே தென்மேற்குப் பருவமழை வந்துவிடும். ஐப்பசிக்காரர்கள் நம்ம கிழக்குக் கரையில் வடகிழக்கு மழையில் மாட்டுவார்கள்; கொஞ்சம் தள்ளிப் போட்டால் தப்பில்லை. மன்னார் வளைகுடாதானே பக்கம் என்றால், அதன் 21 தீவுகளும் 1986இல் அறிவித்த கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. நினைத்த இடத்தில் இறங்க முடியாது.

வைகாசி, ஆவணிக் கல்யாணங்களுக்கு என் ஓட்டு திருகோணமலைக்கு. இலங்கையின் கிழக்குக் கரை மே முதல் செப்டம்பர் வரை தெளிவாக இருக்கும். நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவு, ஆழமில்லாத பவளப்பாறை. கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையின் அடிவாரக் கடலில், 17ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் இடித்துத் தள்ளிய பழைய கோயிலின் தூண்களை 1956இல் ஸ்கூபா போட்டுப் பார்த்துச் சொன்னவர்கள் மைக் வில்சனும் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும். பேச்சுத் துணைக்குத் தமிழ் இருக்கிறது. நீருக்குள் போகும் முன் கேட்கிற பாடம் தாய்மொழியில் புரிந்தால் அதுவே பாதிப் பாதுகாப்பு. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் தொடங்கினார்கள். விட்டுவிட்டுத்தான் ஓடுகிறது, ஓடுகிற நாளா என்று பார்த்து டிக்கெட் எடுங்கள். அங்கிருந்து யாழ்ப்பாணம் வந்து பஸ்ஸில் திருகோணமலை. இலங்கை போகிற ஜோடிகள் நுவரெலியாவையும் விட மாட்டார்கள். அது சுமார் 1,870 மீட்டர், கொடைக்கானல் கணக்கேதான். அதனால் நுவரெலியாவை முதலில் முடித்துவிட்டு, திருகோணமலையைக் கடைசியில் வையுங்கள். திரும்பி வருவது கப்பலில் என்றால், டைவ் முடித்து அன்றைக்கே மூட்டை கட்டினாலும் பரவாயில்லை.